திருத்தாமல் விட்டது

சுவரிலிருந்து ஒரே ஒரு செங்கல்லைத்தான் எடுக்க முடிந்தது. இரண்டாவது செங்கல்லில் உளியை வைத்ததுமே மேலேயிருந்து பொலபொலவென்று மண் கொட்டியது. தீயணைப்பு ஆபீசர் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்திவிட்டார்.

"இந்தச் சுவரு மேலதான் மொத்தமும் நிக்குது. இதை யாரும் தொடாதீங்க. வெளிப்பக்கமா வந்து முட்டுக் கொடுத்துத்தான் உள்ள போகணும்."

ஆக, பாப்பாவுக்குக் கிடைத்தது தரையை ஒட்டி ஒரு செங்கல் அளவு ஓட்டை. அந்தப் பக்கம், இடிந்து விழுந்த பரணுக்கு அடியில், அவளுடைய அண்ணன் கிடந்தார். இந்தப் பக்கம், காலியாகக் கிடந்த சமையலறைத் தரையில், தலை நரைத்த பாப்பா குப்புறப் படுத்து ஓட்டையில் வாயை வைத்துக்கொண்டு கிடந்தாள். தலை நரைத்தவளுக்கு என்ன பாப்பா என்று கேட்கலாம். கடைக்குட்டியாகப் பிறந்துவிட்டால் அப்படித்தான். பல்லெல்லாம் கொட்டிய பிறகும் பாப்பாதான்.

அது அப்பா கட்டிய வீடு. வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போக, என்னென்ன ரிப்பேர் செய்ய வேண்டும் என்று பார்க்க அண்ணனும் தங்கையுமாகக் காலையில் வந்திருந்தார்கள். சமையலறைக்குப் பின்னால் ஒரு சாமான் அறை. அதில் சிமெண்ட் பரண், பரண்மேல் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி. தொட்டி எத்தனையோ காலமாகக் கசிந்து கசிந்து பரணின் கம்பியெல்லாம் துருப்பிடித்துப் போயிருந்தது. அண்ணன் சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த விரிசலைப் பார்த்தால் வேறு யாராக இருந்தாலும் வெளியே ஓடியிருப்பார்கள். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"வெளிய வா அண்ணா, பார்த்தாலே பயமா இருக்கு" என்றாள் பாப்பா.

"பார்த்தா பத்தாது. அளக்கணும்."

அளந்து முடிப்பதற்குள் விழுந்துவிட்டது. பரண் விழுந்த வேகத்தில் அந்த அறை வாசலுக்கு மேலிருந்த சுவரும் சரிந்து கதவை அடைத்துக்கொண்டது. பாப்பா போட்ட கூச்சலில் தெருவே கூடியது. தீயணைப்பு வண்டி வந்தது, ஆம்புலன்ஸ் வந்தது, ஆம்புலன்ஸோடு சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி வந்தாள். அண்ணி வெளியூரில் மகள் வீட்டில் இருந்தாள். தகவல் கேட்டு ரயில் ஏறிவிட்டதாக யாரோ சொன்னார்கள்.

டாக்டரம்மா பாப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். "தலையில அடி பட்டிருக்கும்னு நினைக்கிறேன். காலும் மாட்டியிருக்கு. அவரைத் தூங்க விடாதீங்கம்மா. பேசிக்கிட்டே இருக்கணும். பேச்சு குழறினாலோ நின்னாலோ உடனே எனக்குச் சொல்லணும்."

"நின்னா என்ன பண்ணுவீங்க?"

டாக்டரம்மா ஆபீசரைப் பார்த்தாள். மனிதர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "அவர் பேசுற வரைக்கும் நாங்க நிதானமா முட்டுக் கொடுத்து வேலை பார்க்கலாம். பேச்சு நின்னுட்டா நிதானத்துக்கு நேரமில்ல. உடைச்சுக்கிட்டுத்தான் போகணும். உடைச்சா மிச்சம் நிக்கிறதும் அவர் மேல விழலாம்."

பாப்பா தலையைத் திருப்பினாள். ஓட்டையில் வாயை வைத்தாள்.

"அண்ணா, எப்படி இருக்கு?"

"ம்."

"வலிக்குதா?"

"ம்."

"தண்ணி வேணுமா?"

"ம்."

"இந்த 'ம்' எல்லாம் கணக்கில வராது. வார்த்தையாப் பேச வைங்க" என்றாள் டாக்டரம்மா.

பேச்சில் பாப்பாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. பஸ் நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்கிற உத்தியோகம் அவளுக்கு. எந்த வண்டி எந்த நடைமேடை என்று நாள் முழுக்கப் பேசுவாள். ஆனால் அந்தப் பேச்சுக்கு ஒருத்தரும் பதில் சொன்னது கிடையாது, அவளும் எதிர்பார்த்தது கிடையாது. இன்றைக்கோ பதில்தான் வேண்டியிருந்தது. அதுவும் யாரிடமிருந்து? நல்ல நாளிலேயே வாயிலிருந்து முத்து உதிராத மனிதரிடமிருந்து. அண்ணனைப் பேச வைக்க உலகத்தில் ஒரே ஒரு வழிதான் உண்டு. அவர் காதுபட எதையாவது தப்பாகச் சொல்ல வேண்டும்.

இதற்கு அந்தக் குடும்பத்தின் வழக்கத்தைச் சொன்னால்தான் புரியும். அவர்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் படம் மாட்ட மாட்டார்கள். "படத்துல மனுஷன் உட்கார்ந்த இடத்துலயே உட்கார்ந்திருப்பான். சொன்னாத்தான் எழுந்து நடப்பான்" என்பார் அப்பா. அதனால் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற நாளில், போய்ச் சேர்ந்தவர்களில் யாராவது ஒருவருடைய கதையை எடுத்து, பிறந்தது முதல் சொல்வார்கள். கேட்பவர்களுக்கும் கதை தெரியும். சொல்கிறவர் எங்கேயாவது பிசகினால் தெரிந்தவர் கையைத் தூக்கி "திருத்தம்" என்று சொல்ல வேண்டும். சொன்னவர் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய், சரியாகச் சொல்லிவிட்டுத்தான் மேலே நகரலாம். சோறு ஆறிப்போனாலும் சரி, விருந்தாளி கொட்டாவி விட்டாலும் சரி, திருத்தம் என்றால் திருத்தம்தான். இதில் அண்ணன் ஈவிரக்கம் இல்லாதவர். சட்டையின் நிறத்துக்குக்கூடக் கையைத் தூக்குவார். இப்போது அப்பா இல்லை, அம்மா இல்லை, அக்கா இல்லை. சொல்ல ஒருத்தி, திருத்த ஒருவர் என்று இரண்டு பேர்தான் மிச்சம்.

"அண்ணா, கேளு. அப்பா கதை சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். "அப்பா பஸ்ல டிரைவரா இருந்த காலத்துல…"

உள்ளே சத்தமில்லை. அந்தப் பக்கம் இரும்பு முட்டுகளை இறக்கி வைக்கிற ஓசை கேட்டது. பிறகு, மண்ணுக்குள்ளிருந்து வருகிற மாதிரி:

"திருத்தம். கண்டக்டர்."

பாப்பாவுக்கு உயிர் வந்தது. "கண்டக்டரா இருந்த காலத்துல, ஒரு நாள் வயசான அம்மா ஒருத்தங்க மூட்டையோட இறங்கினாங்க. அப்பா மூட்டையைத் தூக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடப் போனார். டிரைவர் வேணும்னே வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான்…"

"திருத்தம். டிரைவர் மேல தப்பில்ல. உள்ள இருந்தவன் எவனோ பெல் அடிச்சுட்டான்."

"எவனோ பெல் அடிச்சுட்டான். கண்டக்டர் இல்லாமலே வண்டி போகுது. அப்பா பின்னாடியே ஓடுறார். அடுத்த ஸ்டாப்புல வண்டி நிக்குது, ஆளு இறங்குறாங்க, ஏறுறாங்க, எவனோ பெல் அடிக்கிறான், வண்டி போயிடுது. எல்லாரும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க, ஒருத்தரும் டிரைவர்கிட்ட சொல்லல…"

"சொன்னாங்க. டிரைவருக்கு… காது மந்தம். அப்பா சைக்கிள் ஒண்ணுல ஏறிப் போய்த்தான்… பிடிச்சார்."

"சைக்கிளா? ஆட்டோன்னு நினைச்சேன்."

"நினைப்ப."

பாப்பா தரையில் முகத்தை வைத்தபடி சிரித்தாள். டாக்டரம்மாவும் சிரித்தாள். வெளியே ஆபீசர் "இன்னும் ஒரு முட்டு, மெதுவா, மெதுவா" என்று ஆட்களை ஏவிக்கொண்டிருந்தார். ஜாக்கியை ஏற்ற ஏற்ற, பரண் பலகை எங்கேயோ நறநறவென்று பல்லைக் கடித்தது. சமையலறைச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்து, பாப்பாவின் கண்ணெதிரிலேயே கொஞ்சம் அகலமானது. சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"அவர்கிட்ட கால் தெரியுதான்னு கேளுங்க" என்றாள் டாக்டரம்மா.

"அண்ணா, கால் உணர்ச்சி இருக்கா?"

"வலது இருக்கு. இடது… என்னோடதா, செங்கல்லான்னு தெரியல."

அதை அவர் சொன்ன விதம், யாருடைய வயலுக்கோ எல்லை சொல்கிற மாதிரி இருந்தது. பாப்பாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அளக்கப் போன மனிதர்மேல் ஆத்திரம், விரிசலைப் பார்த்தும் கையைப் பிடித்து இழுக்காத தன்மேல் அதைவிட. ஆனால் ஆத்திரப்பட நேரமில்லை. அவள் அம்மாவுக்குத் தாவினாள்.

"அம்மா ஆஸ்பத்திரி லாண்டரியில வேலை பார்த்தாங்கல்ல. துவைக்க வர்ற துணியை உதறிப் பார்க்கிறது அம்மா வேலை. ஒரு நாள் தலையணை உறைக்குள்ள யாரோட மூக்குக் கண்ணாடியோ இருந்துச்சு."

அமைதி.

"மூக்குக் கண்ணாடி, அண்ணா. தங்க பிரேம்."

"…பல்லு செட்டு."

"திருத்தம்னு சொல்லணும். வழக்கத்தை விடக் கூடாது."

"திருத்தம். பல்லு செட்டு. மேல் வரிசை."

"மேல் வரிசை. சூப்பர்வைசர் தூக்கிக் குப்பையில போடுன்னு சொன்னான். அம்மா அதைக் கழுவி, ஒரு டம்ளர்ல போட்டு எடுத்துக்கிட்டு, வார்டு வார்டாப் போனாங்க. ஒவ்வொரு கட்டில்கிட்டயும் நின்னு, 'இது உங்க பல்லா, இது உங்க பல்லா'ன்னு கேட்டாங்க. நல்ல பல்லு இருந்தவங்கல்லாம் சண்டைக்கு வந்தாங்க. கடைசியில ஒரு பெரியவர் வாயைப் பொத்திக்கிட்டு அழுதார். சாயங்காலம் அவர் மகள் கல்யாணத்துக்குப் போகணும்…"

"மகள் இல்ல."

"யாரு?"

பதில் வர வெகு நேரமாயிற்று. "பேத்தி."

ஒரு சொல். அதிலும் கடைசி எழுத்து தரையோடு தரையாக இழுபட்டது. பாப்பா தலையைத் திருப்பி டாக்டரம்மாவைப் பார்த்தாள். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். 

"எவ்வளவு நேரம் ஆகும் சார்?" என்று பாப்பா வெளியே கத்தினாள்.

"வேலை நடக்குதும்மா. பேசுங்க, பேசுங்க."

அக்காவை இழுத்தாள். அக்கா என்றால் அண்ணனுக்கு உயிர். வண்டி ஓட்டக் கற்றுத் தருகிற பள்ளியில் பயிற்சி கொடுத்தவள் அவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனி பிரேக்கை வைத்துக்கொண்டு, பாதி ஊருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக் கொடுத்தாள். அவளிடம் கற்று உருப்படாமல் போன ஒரே ஆள் சொந்தத் தம்பிதான். டெஸ்ட் நாளில் லைசென்ஸ் ஆபீஸ் கேட்டையே இடித்துப் பெயர்த்தார். அதற்குப் பிறகு அவர் வாழ்நாள் முழுக்கச் சைக்கிள்.

"அக்காகிட்ட கத்துக்கிட்டவங்கள்லயே நீதான் கெட்டிக்காரன், அண்ணா. முதல் தடவையே பாஸ் பண்ணிட்ட. இன்ஸ்பெக்டரே இறங்கி வந்து கை கொடுத்தார்."

ஒன்றும் வரவில்லை. புகழ்ச்சியை எவன் திருத்துவான் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். கொஞ்சம் உப்பைக் கூட்டினாள்.

"அக்கா கார் வெள்ளைக் கலரு."

சிவப்பு. ஊருக்கே தெரிந்த சிவப்பு. உள்ளே பேச்சில்லை.

"அண்ணா! அக்காவுக்கு வண்டியே ஓட்டத் தெரியாது. கேக்குதா?"

அப்புறம் அவள் சொன்னது, வேறு எந்த நாளிலும் அவள் நாக்கில் வந்திருக்காது. அக்கா நோயில் கிடந்த கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே குடியிருந்தவர் அண்ணன். ஊட்டிவிட்டது, முதுகைத் தேய்த்துவிட்டது, கண்ணை மூடிவிட்டது எல்லாம் அவர்தான்.

"அக்கா சாகும்போது நீ பக்கத்துலயே இல்ல. உனக்கு ஆபீஸ்தான் பெருசாப் போச்சு. அவ தனியா செத்தா."

சொல்லிவிட்டு மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். அண்ணன் எழுந்து வந்து அறைந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். ஓட்டையிலிருந்து சிமெண்ட் புழுதி மட்டும் மெல்ல வந்துகொண்டிருந்தது.

"டாக்டர்" என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. "பேச மாட்டேங்குறார்."

டாக்டரம்மா குனிந்து ஓட்டையில் காதை வைத்தாள். "ஐயா! ஐயா, கேக்குதா? விரலால தரையைத் தட்டுங்க." கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். எழுந்து வெளியே போனாள். ஆபீசரோடு அவள் பேசியது பாப்பாவுக்குக் கேட்கவில்லை. ஆனால் முட்டுக் கொடுக்கிற ஓசை நின்று, கனமான எதையோ வண்டியிலிருந்து இறக்குகிற ஓசை கேட்டது. ஆபீசர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, உடைக்கப் போறோம். இந்தச் சுவரும் வந்தாலும் வரும். நீங்க வெளிய வந்துடுங்க."

"வேண்டாம் சார். இன்னும் கொஞ்சம்."

"டாக்டர் சொல்லிட்டாங்க."

"நீங்க மிஷினைப் பூட்டுற வரைக்கும். அதுவரைக்கும் விடுங்க. இதோ பேசிடுவார்."

ஆபீசர் அவளைத் தூக்கிக்கொண்டு போகவா முடியும்? "பூட்டினதும் கூப்பிடுவேன். உடனே வந்துடணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

யாருடைய கதையைச் சொல்வது? செத்தவர்களில் இன்னும் ஒருவன் பாக்கி இருந்தான். அண்ணனுக்கு அடுத்து, பாப்பாவுக்கு முன்னால், ஒரு ஆண் குழந்தை. "உனக்கு மேல ஒருத்தன் இருந்தான், நடக்கிறதுக்கு முன்னாடியே காய்ச்சல்ல போயிட்டான்" என்று அக்கா ஒரு தடவை காதோடு சொன்னதுதான். சாப்பாட்டு நேரத்தில் அவன் கதையை யாரும் எடுத்ததே இல்லை. அம்மா இருக்கும்போது எடுக்கவும் முடியாது. ஒன்றுமே தெரியாத ஆளைப் பற்றித் தப்பாகத்தான் என்ன சொல்ல முடியும்?

பாப்பாவுக்கு யோசிக்கிற சக்தி போய்விட்டது. தப்பு எது, சரி எது என்று பொறுக்கி எடுக்கிற தெம்பும் போய்விட்டது. தொண்டை காய்ந்து, கன்னம் மரத்து, வாயில் வந்ததைச் சொன்னாள். வந்தது அவளுடைய சொந்தக் கதை.

"நான் பிறந்த கதையைச் சொல்லவா அண்ணா? அம்மா சொல்லுவாங்கல்ல. கைக்குழந்தையில நான் சும்மா தூங்க மாட்டேன். யாராவது என் கால் கட்டை விரலைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். விட்டா முழிச்சுக்குவேன். நீங்க எல்லாரும் மாத்தி மாத்திப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க. அப்பா ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து சட்டையைக் கூடக் கழட்டாம என் காலைப் பிடிச்சுக்குவார். அப்புறம் நான் முதல்ல பேசின வார்த்தை. எல்லாப் பிள்ளையும் அம்மான்னு சொல்லும். நான் 'ரைட்'டுன்னேன். அப்பா விசிலை ஊதிட்டு ரைட் ரைட்டுங்கிறதைக் கேட்டுக் கேட்டு…"

இதை அவள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். வேலைக்கு நேர்முகத் தேர்வில் சொன்னாள். கேட்ட அதிகாரிகள் விழுந்து விழுந்து சிரித்து, பிறவியிலேயே பஸ் நிலையத்துக்கு நேர்ந்துவிட்ட பெண் என்று வேலை கொடுத்தார்கள். கல்யாணத்தில் மைக் பிடித்துச் சொன்னாள். பேரனுக்குச் சொன்னாள். அவளைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்த முதல் விஷயமே அதுதான்.

"…மார்மேல தூக்கி வச்சா சட்டைப் பையில இருக்கிற விசிலை எடுக்கப் பார்ப்பேனாம். கிடைக்கலன்னா…"

"திருத்தம்."

பாப்பா நிறுத்தினாள். பழக்க தோஷம், வாய் தானாக நின்றது. அதற்குப் பிறகுதான் கேட்டது யார் குரல் என்று மூளைக்கு எட்டியது.

"அண்ணா! டாக்டர், பேசுறார்! சார், பேசுறார்! உடைக்காதீங்க!"

வெளியே யாரோ "நிறுத்து, நிறுத்து" என்றார்கள். டாக்டரம்மா ஓடி வந்து பாப்பாவின் பக்கத்தில் விழாத குறையாக உட்கார்ந்தாள்.

"என்ன திருத்தம், அண்ணா? விசிலா? சட்டைப் பையா?"

"எல்லாம்."

"என்ன எல்லாம்?"

"அது நீ இல்ல, பாப்பா." இடையில் மூச்சு வாங்கினார். "அது அவன்."

"எவன்?"

"உனக்கு முன்னாடி இருந்தவன்."

பாப்பாவுக்கு முதலில் இது அடிபட்ட தலையின் உளறல் என்றுதான் தோன்றியது. டாக்டரம்மாவைப் பார்த்தாள். "தெளிவாத்தானே பேசுறார்" என்றாள் டாக்டரம்மா. "விடாதீங்க, கேளுங்க."

"என்ன அண்ணா சொல்ற? அம்மாதானே சொன்னாங்க. அம்மா வாயால எத்தனை தடவை சொல்லியிருக்காங்க!"

"நீ கேட்ட. சின்னப் பிள்ளையில. சாப்பிடும்போது. 'எல்லார் கதையும் சொல்றீங்க, நான் எப்படி இருந்தேன்'னு. அம்மா வாயைத் திறந்தாங்க. அவன்தான் வந்தான்." கொஞ்சம் இருமினார். "கட்டை விரல். விசில். ரைட்டு. அப்பா கையைத் தூக்கினார். பாதியில இறக்கிட்டார்."

"நீ?"

"அவன் போனதுக்கப்புறம்… அன்னைக்குத்தான் அம்மா சிரிச்சாங்க. அதைப் போய்த் திருத்துவேனா?"

பாப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஓட்டையை விட்டு வாயை எடுக்கக் கூடாது என்பதே மறந்துவிட்டது. சட்டையின் நிறத்துக்குச் சோற்றை ஆறவைக்கிற குடும்பம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, அத்தனை வருஷம், தெரிந்தே கையைத் தூக்காமல் இருந்திருக்கிறார்கள். அவள் ஒவ்வொரு முறையும் "அந்த ரைட் கதையைச் சொல்லும்மா" என்று அம்மாவின் மடியில் விழுந்தபோது, அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது ஏன் என்று இப்போது தெரிந்தது. இத்தனை நாளும் ஏமாந்தவளாக, செத்த பிள்ளையின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தவளாகத் தன்னைப் பார்த்தாள். முகமெல்லாம் எரிந்தது.

"அம்மா, பேச்சை விடாதீங்க!" டாக்டரம்மா அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

பாப்பா மறுபடி தரையில் விழுந்தாள். "அநியாயம் அண்ணா! என்னை முட்டாளாக்கியிருக்கீங்க எல்லாரும் சேர்ந்து. எவனோ ஒருத்தன் கதையை என் தலையில கட்டி…"

"திருத்தம். எவனோ ஒருத்தன் இல்ல. உன் அண்ணன்."

"அண்ணன்னு பேருக்குத்தான், அவனைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? யாராவது சொன்னீங்களா? அவனுக்கு ஒரு நாள், ஒரு வேளை, உட்கார்ந்து கதை சொல்லியிருக்கோமா?"

"அவன் கதையைத்தானே… வீட்டிலயே அதிகமாச் சொல்லியிருக்கோம்."

 உண்மைதான். அப்பாவின் பஸ் கதையைவிட, அம்மாவின் பல்செட் கதையைவிட, அந்த வீட்டில் அதிகம் சொல்லப்பட்டது ரைட் கதைதான். கேட்டுக் கேட்டுச் சொல்ல வைத்தவள் அவளேதான். அழுகை வந்தது. யாருக்காக என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. அதில் கோபம் இருந்தது, அம்மாமேல் ஒரு இரக்கம் இருந்தது, கட்டை விரலைப் பிடித்தால் தூங்கிய அந்த முகம் தெரியாத பிள்ளைமேல் திடீரென்று ஒரு பாசமும் இருந்தது.

"நல்லாச் சண்டை போடுங்கம்மா, சண்டை போடுங்க" என்று ஆபீசர் வெளியிலிருந்து குரல் கொடுத்தார். "கடைசி முட்டு ஏறுது."

"அப்ப நான் எப்படி இருந்தேன்?" என்று பாப்பா கேட்டாள்.

உள்ளே அமைதி.

"அண்ணா! தூங்காதே! இதுக்குப் பதில் சொல்லாமத் தூங்கினேன்னா நான் சும்மா விட மாட்டேன். நான் எப்படி இருந்தேன்?"

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. அப்பா போய்விட்டார், அம்மா போய்விட்டாள், அக்கா போய்விட்டாள். அவள் குழந்தையாக இருந்ததைக் கண்ணால் பார்த்தவர் என்று இந்த உலகத்தில் மிச்சமிருப்பது இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கிடக்கிற ஒரே ஒரு மனிதர். இவ்வளவு நேரம் அண்ணனைக் காப்பாற்றக் கத்தினாள். இப்போது தன்னையும் சேர்த்துக் கத்தினாள்.

"சொல்லு அண்ணா! உன்னை விட்டா எனக்கு யாரு சொல்லுவா!"

"நீ…" என்றார் அண்ணன். "நீ அழ மாட்ட. அம்மா உன்னைத் தூக்க மாட்டாங்க. மூஞ்சியைப் பார்க்க பயம் அவங்களுக்கு. நானும் அக்காவும்தான்… ஸ்கூல் விட்டு ஓடி வருவோம். நீ முழிச்சுக்கிட்டு கிடப்ப. சத்தமே போட மாட்ட. வாசல்ல எங்க செருப்புச் சத்தம் கேட்டதும்… கேட்டதும் நீ…"

"நான் என்ன? அண்ணா, நான் என்ன பண்ணுவேன்?"

அந்த நேரம் பார்த்து உள்ளே ஏதோ பெரிதாக நகர்ந்தது. புழுதி ஓட்டை வழியாக முகத்தில் வந்து மோதியது. பாப்பா கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே இருப்பவரை எது நசுக்கியது என்று கேட்கக் காத்திருந்தாள். கேட்டது ஆபீசரின் குரல். இந்த முறை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டது.

"ஆளைத் தொட்டாச்சு! பலகையைக் கொண்டா!"

வெளியே கொண்டு வந்தபோது அண்ணன் தலை முதல் கால் வரை ஒரே சிமெண்ட் நிறம். இடது காலை டாக்டரம்மா கட்டை வைத்துக் கட்டினாள், கையில் ஊசி போட்டாள், கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். பாப்பா கூடவே ஓடினாள். ஆம்புலன்ஸில் ஏறி அவர் தலைமாட்டில் இடம் பிடித்தாள்.

"கால் எலும்பு போயிருக்கு, ஆபரேஷன் வேணும். தலையில பயப்படும்படி இல்ல" என்றாள் டாக்டரம்மா. "வலி தெரியாம இருக்க மருந்து போட்டிருக்கேன். இனி பேச வைக்காதீங்க. தூங்கட்டும்."

"தூங்கலாமா? தூங்கினா ஒண்ணும் ஆகாதே?"

"நான் பார்த்துக்கிட்டுத்தானே வர்றேன். நல்லாத் தூங்கட்டும்."

"ஒரே ஒரு கேள்வி டாக்டர். பாதியில நிக்குது."

"வேண்டாம்மா. பாவம், களைச்சுப் போயிருக்கார்."

கதவைச் சாத்தினார்கள், வண்டி கிளம்பியது. அண்ணன் கண்ணைத் திறந்து அவளைத் தேடினார். வாய் அசைந்தது. விட்ட இடத்திலிருந்து சரியாகச் சொல்லி முடிக்காமல் அவரால் இருக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொள்ளாமல் தன்னால் இருக்க முடியாது என்பதும் தெரியும். கேட்டால் சொல்லிவிடுவார். கேள்வி நாக்கு நுனி வரை வந்தது.

பாப்பா அவர் உதட்டின்மேல் விரலை வைத்தாள். "ஒண்ணும் சொல்ல வேண்டாம் அண்ணா. தூங்கு."

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். அவளைக் குழந்தையாகப் பார்த்த கண்கள் இனி உலகத்தில் அந்த இரண்டுதான். அவை மெல்ல மூடுவதை அவள் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.